மாங்காய் மண்டியில் மூடிக்கொண்ட மென்பொருள்

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கணினி பழுது பார்ப்பவர்களுக்கு வைகாசியும் ஆனியும் ஓய்வில்லாத மாதங்கள். சந்தூர், போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் என்று எந்தப் பக்கம் போனாலும் மாந்தோப்புகள். கிளிமூக்கு என்று நாங்கள் சொல்லும் பெங்களூரா ரகம் டன் கணக்கில் மண்டிக்கும், மண்டியிலிருந்து மாங்கூழ் ஆலைக்கும் போகும் காலம் அது. எடை, கழிவு, விவசாயி வாங்கிய முன்பணம், வண்டி வாடகை, ஏற்றுகூலி எல்லாம் மண்டியின் ஒரு மூலையிலுள்ள கணினியில் ஏறிக்கொண்டே இருக்கும். அது நின்றுவிட்டால் வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

இந்த மண்டிகள் பலவற்றில் இருப்பது விலை கொடுத்து வாங்கிய பெரிய மென்பொருள் அல்ல. உறவுக்காரப் பிள்ளை யாராவது கல்லூரியில் படிக்கும்போது மைக்ரோசாப்ட் அக்ஸஸிலோ, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபீஸின் பேஸ் பகுதியிலோ செய்துகொடுத்த சிறிய தரவுத்தளம். எனக்கு அவற்றின் மீது மிகுந்த மரியாதை உண்டு. கழிவை எப்படிப் பிடிப்பது, முன்பணத்தை எத்தனை லோடில் கழிப்பது என்று அந்த மண்டியின் வழக்கம் முழுவதும் அதற்குள் இருக்கும். கடையில் வாங்கும் எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. செய்துகொடுத்த பிள்ளை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போனபின் அதன் உள்விவரம் தெரிந்தவர் ஊரில் இருக்கமாட்டார் என்பதுதான் சிக்கல்.

அப்படிப்பட்ட ஒரு மண்டியிலிருந்து அழைப்பு வந்தது. முந்தைய நாள் மாலை கோடை மழையோடு சூறைக்காற்று அடித்திருந்தது. காற்றில் உதிர்ந்த காய் மறுநாள் காலையிலேயே மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உதிர்ந்த காய் காத்திருக்காது. அன்றே எடை போட்டு அன்றே அனுப்பியாக வேண்டும். கணினியிலோ, பேஸ் கோப்பை இருமுறை சொடுக்கினால் தொடக்கப் படம் தோன்றுகிறது, கீழே உள்ள பட்டை பாதி நிரம்புகிறது, பிறகு எல்லாம் மறைந்து வெறும் திரை மட்டும் நிற்கிறது. பிழைச் செய்திகூட இல்லை. நான் போவதற்கு முன்பே யாரோ ஒருவர் லிப்ரேஆபீஸை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவிப் பார்த்திருந்தார். அப்போதும் அதே கதைதான்.

கணக்கு எழுதும் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, மென்பொருள் போனால் போகட்டும். சித்திரையிலிருந்து போட்ட கணக்கு இருக்கிறதா, போய்விட்டதா?"

எங்கள் தொழிலில் பலரும் இந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். மென்பொருளைத் திறக்க வைத்துவிட்டால் கணக்கு தானாகத் தெரியும் என்று நினைத்து, நிறுவுவதும் நீக்குவதுமாக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு நேரமும் வயிற்றில் நெருப்பு. மென்பொருள் வேறு, கணக்கு வேறு. ஒன்று திறக்கவில்லை என்பதாலேயே மற்றது அழிந்துவிட்டது என்று ஆகாது. இரண்டையும் பிரித்து, கணக்கைப் பற்றிய பதிலை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் வேறெதையும் தொடுமுன் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பேஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. பிரதியின் பெயரில் வால்பகுதியை ஜிப் என்று மாற்றினால் விண்டோஸே அதைத் திறந்து காட்டும். உள்ளே டேட்டாபேஸ் என்ற கோப்புறை. அதற்குள் ஸ்கிரிப்ட், டேட்டா, பேக்கப், ப்ராப்பர்ட்டீஸ் என்று சில கோப்புகள். ஸ்கிரிப்ட் கோப்பை நோட்பேடில் திறந்தால் அட்டவணைகளின் கட்டமைப்பு சாதாரண எழுத்திலேயே இருக்கும். அக்காவையும் அருகில் உட்காரவைத்துக் காட்டினேன். அட்டவணைப் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தார்கள். இந்தக் கோப்பு தமிழ் எழுத்தை அப்படியே எழுதாமல் யூனிகோடு எண்ணாக எழுதும். 'க' என்றால் 0பி95, 'ம' என்றால் 0பிஏஇ. அந்த எண்களில் கையை வைத்து, "இது விவசாயி, இது முன்பணம், இது லோடு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வரவு செலவு வரிகள் டேட்டா கோப்பில் இருக்கும்; அதைக் கண்ணால் படிக்க முடியாது. ஆனால் பொதி பிழையில்லாமல் விரிந்தது, அந்தக் கோப்பும் கனமாகவே இருந்தது. "கணக்கு இருக்கிறது அக்கா, நேற்று மாலைக் கணக்கை மட்டும் திறந்தபிறகுதான் சொல்ல முடியும்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் குடிக்காமல் வைத்திருந்த டீயை எடுத்தார்.

இனி மென்பொருள். பேஸ் கோப்பைத் தொடாமல் லிப்ரேஆபீஸை மட்டும் திறந்தேன். அதுவும் பாதியிலேயே மறைந்தது. சிறிய சோதனைதான், ஆனால் பழுதின் பாதி இடத்தை அது அடைத்துவிட்டது: குறை கோப்பில் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவையும் பார்த்தேன். 1000 என்ற எண்ணில் லிப்ரேஆபீஸ் விழுந்த நேரமும், எந்தக் கூறில் விழுந்தது என்பதும் இருந்தன. எங்கே விழுந்தது என்பதை அந்தப் பதிவு சொல்லும். எதனால் விழுந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து லிப்ரேஆபீஸில் பாதுகாப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. பயனரின் பழைய அமைப்புகளை ஒதுக்கிவிட்டு, தற்காலிகமான புதிய அமைப்போடு அது தொடங்கும். அதில் திறந்ததும் மென்பொருள் மறையாமல் ஒழுங்காக இயங்கியது. ஆகவே நிறுவிய மென்பொருளிலும் பழுது இல்லை. மீதமிருந்தது பயனர் அமைப்புக் கோப்புறை.

மறுபடி நிறுவியது ஏன் பயன்படவில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. மென்பொருளை நீக்கினாலும் இந்தக் கோப்புறை நீங்குவதில்லை. அது விண்டோஸில் அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள், லிப்ரேஆபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர் என்று தனியாக உட்கார்ந்திருக்கும். (மென்பொருளின் பதிப்பு 5, 6, 7 என்று போனபிறகும் அந்த 4 மாறவில்லை. பழைய கோப்புறை என்று நினைத்து யாரும் அதை அழித்துவிட வேண்டாம்.) புதிதாக நிறுவிய மென்பொருளும் அதே கெட்ட அமைப்பைப் படித்து அதே இடத்தில்தான் விழும்.

யூசர் கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவைத்தேன். லிப்ரேஆபீஸ் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொண்டு தடையில்லாமல் திறந்தது. பழைய கோப்புறையில் அமைப்புகள் பதிவாகும் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை, முதலிலிருந்து கடைசிவரை வெற்றிடம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் இப்படி ஆவதுண்டு. முந்தைய நாள் காற்றில் மின்சாரம் போனபோது தரவுத்தளம் திறந்திருந்ததா என்று கேட்டேன். திறந்துதான் இருந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து நெடுநாள் ஆகியிருந்தது.

வேலை அத்தோடு முடியவில்லை. பேஸ் கோப்பு திறந்தது, அட்டவணையைத் தொட்டதும் ஜாவா என்ற துணை மென்பொருள் இல்லை என்று செய்தி வந்தது. கணினியில் ஜாவா இருந்தது, ஆனால் 32 பிட் வகை. முன்பு இருந்த லிப்ரேஆபீஸும் 32 பிட்தான். அவசரத்தில் புதிதாக நிறுவியது 64 பிட். இரண்டும் ஒரே பிட்டாக இருந்தால்தான் ஒன்றையொன்று அடையாளம் காணும். பேஸுக்குள் பொதிந்திருக்கும் எச்எஸ்க்யூஎல்டிபி தரவுத்தள இயந்திரம் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா இல்லாமல் அது நகராது. காரணம் தேடாமல் மறுபடி நிறுவுவதை நான் இவ்வளவு தூரம் எதிர்ப்பது இதனால்தான். பழைய பழுதை அது தீர்க்கவில்லை. இல்லாத பழுது ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தது. 64 பிட் ஜாவாவை நிறுவி, விருப்பங்களில் மேம்பட்டவை பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தபின் அட்டவணைகள் திறந்தன. சித்திரை முதல் நாள் வரவிலிருந்து எல்லாம் இருந்தது.

நான் பயந்தபடியே முந்தைய நாள் மாலையில் ஏற்றிய லோடுகள் மட்டும் இல்லை. இந்தவகைக் கோப்பில், படிவத்தில் ஒரு பதிவைச் சேமித்தால் அது கோப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்ப முடியாது. பேஸ் கோப்பையே சேமிக்கும்போதோ மூடும்போதோதான் அது பொதிக்குள் முழுதாக ஏறும். அதற்குள் மின்சாரம் போனால் இடைப்பட்ட பதிவுகள் போனதுதான். இதை அக்காவிடம் யாரும் சொன்னதில்லை.

அவர் அலமாரியிலிருந்து எடைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். கார்பன் தாள் வைத்து எழுதிய அடிச்சீட்டுகள். மழைச் சாரலில் ஓரம் நனைந்து ஒட்டியிருந்தவற்றை நகத்தால் நீவிப் பிரித்தார். வண்டி எண், விவசாயி பெயர், மொத்த எடை, காலி வண்டி எடை என்று அவர் படிக்கப் படிக்க நான் ஏற்றினேன். ஓரிடத்தில் எடை மங்கியிருந்தது. உடனே அவர், "அது வேண்டாம் தம்பி, அந்தத் தோப்புக்காரரிடமே கேட்டுவிடலாம், அவரிடம் அசல் சீட்டு இருக்கும்" என்று கைபேசியை எடுத்தார். ஊகித்து ஓர் எண்ணைப் போட அவருக்கு மனம் வரவில்லை. தரவு என்று நாங்கள் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கையாளும் ஒருவருக்கு, சேமிப்பு எப்போது நடக்கிறது என்பதைச் சொல்லித் தராமல் மென்பொருளை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

அன்று கிளம்புவதற்குள் பேஸ் கோப்பைச் சேமிக்கும் இடத்தை அவருக்குக் காட்டி, ஒவ்வொரு வண்டி முடிந்ததும் அதை அழுத்தச் சொன்னேன். கடை சாத்தும்போது அன்றைய தேதியைப் பெயராக வைத்துப் பென் டிரைவில் ஒரு பிரதி. யுபிஎஸ் பேட்டரியை மாற்றும்படி முதலாளியிடம் அக்கா எதிரிலேயே சொன்னேன். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே மாற்றிவிட்டார். தரவை அந்தப் பொதியிலிருந்து வெளியே எடுத்துத் தனித் தரவுத்தளமாக வைத்து, பேஸைப் படிவங்களுக்கு மட்டும் பயன்படுத்துவதுதான் சரியான ஏற்பாடு. அந்த வேலையை லோடு வரும் நாட்களில் செய்ய முடியாது; ஆவணியில் மண்டி ஓய்ந்தபின் என்று பேசி வைத்திருக்கிறோம். இந்தத் தரவுத்தளத்தைச் செய்துகொடுத்துவிட்டு இப்போது ஓசூரில் இருக்கும் பிள்ளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். முன்பணக் கழிவுக்கு அவர் எழுதிய கணக்கு முறை எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகுதான் கை வைப்பேன்.