கதிர்வீச்சு முடிந்த பிறகும் தொடர்ந்த சிகிச்சை

என் மனைவிக்குத் தொண்டைப் புற்றுநோய் உறுதியானபோது, கதிர்வீச்சையும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தையும் சேர்த்துத் தருவதென மருத்துவர்கள் முடிவு செய்தார்கள்; வாரத்துக்கு 5 நாள் வீதம் 7 வாரங்களில் 35 முறை கதிர்வீச்சு. அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிற்பாடு பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், சொத்தைப் பற்களை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். தலை அசையாதிருக்க முகத்தின் மேல் பொருத்திப் படுக்கையோடு பூட்டும் வலைமுகமூடிக்குத்தான் அவர் மிகவும் அஞ்சினார். ஆனால் அது சில நாட்களில் பழகிவிட்டது.

பழகாதது விழுங்குவதுதான். மூன்றாவது வாரத்தில் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில் வற்றி, சளி கயிறுபோல் திரண்டு, ஒரு மிடறு தண்ணீரே பெரும்பாடாயிற்று. சாப்பாட்டுக்கு முன்பே வலிமருந்து கொடுப்பது, சமையல் சோடாவும் உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரால் அடிக்கடி கொப்பளிக்கச் செய்வது, எடையைக் குறித்துவைப்பது ஆகியவை என் பொறுப்பாயின. எடை மிகவும் குறைந்தால் முகமூடி தளர்ந்து, கதிர்வீச்சுத் திட்டத்தையே மாற்ற நேரலாம். மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் பொருத்தியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் விழுங்கும் பயிற்சி தந்த சிகிச்சையாளர், குழாய் இருந்தாலும் முடிந்த மட்டும் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தசைகள் சும்மா இருந்தால் இறுகிவிடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வலியில் துடிப்பவரை விழுங்கச் சொல்வது கொடுமையாகத்தான் இருந்தது. "சாப்பிட்டாயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, நானும் ஒரு டம்ளர் தண்ணீரோடு அருகில் உட்கார்ந்து, அவர் குடிக்கும்போது மட்டும் குடித்தேன். குரல் கம்மிப்போயிருந்ததால், வேண்டியதை அவர் தாளில் எழுதிக் காட்டினார். போதும் என்று அவர் எழுதினால் நான் வற்புறுத்துவதில்லை.

கடைசிக் கதிர்வீச்சு முடிந்த அன்று உறவினர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள். கதிர்வீச்சின் விளைவு அது நின்ற பிறகும் ஓரிரு வாரங்கள் ஏறிக்கொண்டே போகும் என்பதை அவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. அந்த வாரங்களில்தான் அவர் மிகவும் சோர்ந்திருந்தார். வீக்கம் அடங்குமுன் எடுத்தால் படம் குழப்பும் என்பதால், புற்றுநோய் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் காத்திருக்கச் சொன்னார்கள். அதில் கட்டி தெரியவில்லை. சுவை மெல்லத்தான் திரும்பியது; எச்சில் முழுதாக ஊறவில்லை, தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையக்கூடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதற்கான ரத்தப் பரிசோதனையும் நடக்கிறது.