கம்பஸுக்கு மஸ்கொட் தேடுகிறீர்களா? தேவாங்கைப் பாருங்கள்

இலச்சினை வேறு, மஸ்கொட் வேறு. இலச்சினை பட்டச் சான்றிதழில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். மஸ்கொட் என்பது அணிக்காக வேடமிட்டு வரும் செல்லப் பாத்திரம், அது மைதானத்தில் ஓட வேண்டும், ரீசேர்ட்டில் சிரிக்க வேண்டும், எதிரணி வைக்கும் பட்டப்பெயரையும் தாங்க வேண்டும். இரண்டையும் ஒரே குழு ஒரே கூட்டத்தில் தீர்மானித்தால் பெரும்பாலும் சிங்கத்தில்தான் போய் முடியும்.

மலையகத்தில் தெரிவு செய்வதென்றால் முதலில் தேர்தல் சின்னங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். யானை ஐக்கிய தேசியக் கட்சியுடையது. சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுடையது. காட்டுக்கோழி தேசியப் பறவைதான், ஆனால் ஹட்டன் பக்கம் கொண்டை வைத்து எதை வரைந்தாலும் "இது சேவல்தானே?" என்றுதான் கேட்பார்கள். பொதுஜன பெரமுன எடுத்ததால் தாமரை மொட்டும் போயிற்று. கொழுந்தையாவது எடுக்கலாமே என்றால், அது தேயிலைப் பெட்டி தொடங்கி பஸ் ஸ்டிக்கர் வரை எங்கும் இருக்கிறது. போதாததற்கு, இரண்டு இலையைக் கண்டதும் தமிழ்நாட்டு அரசியல்தான் ஞாபகம் வரும்.

அடுத்தது மொழிச் சோதனை. இங்கேதான் அதிகம் வழுக்கும். கூட்டத்தில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் சிறுத்தை. தோட்டத்துப் பேச்சில் அதுவும் புலிதான். அதன் இலங்கை உபஇனத்தின் விஞ்ஞானப் பெயரில் மூன்றாவது சொல் 'கொட்டியா', சிங்களத்தில் புலி. போர்க்காலத்தில் அந்தச் சொல் எதைக் குறித்தது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் மரை அழகான விலங்கு. சிங்களத்தில் அது 'கோனா'. ஓசையைக் கொஞ்சம் குறுக்கினால் 'கொனா', அதாவது காளை, வசவாகச் சொன்னால் மடையன். முதலாவது கிரிக்கெட் போட்டியிலேயே கதை முடிந்துவிடும். குரங்கு இனம் எதுவும் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகளை நோக்கி அந்தச் சொல் வீசப்பட்ட காலம் இன்னும் பலருக்கு மறக்கவில்லை. கூடை சுமக்கும் பெண்ணையும் கார்ட்டூன் ஆக்காதீர்கள். அங்கே படிக்கும் பாதிப் பேருக்கு அது அம்மாவின் வேலை.

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவதில் ஆகச் சிறந்தது தேவாங்கு. அதிலும் நம் குளிர்மலைத் தேவாங்கு. தமிழ்நாட்டில் உள்ளது சாம்பல் தேவாங்கு. செந்தேவாங்கு இலங்கைக்கே உரியது. அதன் மலை உபஇனம் மத்திய மலைநாட்டை விட்டு வேறெங்கும் இல்லை. அழிந்தே போய்விட்டதோ என்று அஞ்சியிருந்தபோது, படம் பிடிக்கப்பட்ட செய்தி 2010இல் வந்தது. இந்த உபஇனம் விஞ்ஞானப் பெயர் பெற்றது 1942இல். இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டுதான். மஸ்கொட்டுக்கு இதைவிட நல்ல சாதகக் குறிப்பு கிடைக்காது. இரவெல்லாம் விழித்திருக்கும், பிடித்த கிளையை விடாது என்ற குணங்கள் பரீட்சைக் காலத்துக்கு அப்படியே பொருந்தும்.

"தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று ஒல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்வோமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது உடம்பைப் பற்றிய கேலி, இனத்தைப் பற்றியது அல்ல. நாமே முந்திக்கொண்டு அணிந்துவிட்டால் ஒரு தவணையில் அலுத்துப்போகும். சிங்களத்தில் இன்னும் நல்லது. அங்கே தேவாங்கு 'உணஹபுளுவா'. 'உணஹபுளுவாவின் குட்டி அதற்கு மாணிக்கம்' என்பது பழமொழி. நம் காக்கைக்கும் பொன்குஞ்சு உண்டல்லவா, அதே பாசம்.

வரையும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்னோக்கிய இரண்டு பெரிய வட்டக் கண்கள், அவற்றைச் சுற்றிக் கருவளையம், நடுவே மூக்குவரை இறங்கும் வெள்ளைக் கோடு. இவ்வளவு இருந்தால் போதும், அது தேவாங்கு. வால் போடாதீர்கள், அதற்கு வெளியே தெரியும் வால் கிடையாது. கையில் கட்டைவிரல் விலகி நிற்கும், சுட்டுவிரல் குட்டை. எல்லாக் கரடிப் பொம்மைகளிலிருந்தும் இதைப் பிரித்துக்காட்டுவது அந்தக் கைதான். ஆகவே ஐந்து விரலையும் ஒரே அளவில் போடும் ஓவியரைத் திருத்துங்கள். வரைந்ததும் ஒரே நிறத்தில், ஒரு சென்றிமீற்றர் அளவுக்குச் சுருக்கி, போட்டோக் கொப்பி எடுத்துப் பாருங்கள். கருவளையமும் கண்ணும் ஒட்டி ஒரே கறையாகத் தெரிந்தால் இடையே வெள்ளை விளிம்பைத் தடிப்பாக்க வேண்டும். தையல் பட்ஜுக்குக் கொடுக்கும்போது மயிர்க்கோடுகளை முழுதாக நீக்கிவிடுங்கள். நூல் அவற்றை முடிச்சாக்கிவிடும்.

செல்லப்பெயருக்கு ம, ன, ல, ர, வ, ய எழுத்துகள் பாதுகாப்பானவை. ழகரம் சிங்களத்தில் இல்லை. ப, க, த இருந்தால் தமிழில் ஒரு மாதிரியும் சிங்களத்தில் இன்னொரு மாதிரியும் வாசிப்பார்கள். முடிவுசெய்யுமுன் இரு மொழிக்காரரிடமும் உரக்கச் சொல்லிக் காட்டி, யார் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓவியர் மாணவராக இருந்தாலும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வியாபாரக் குறியாகப் பதியலாம். பதிவு 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம். விளம்பரத்துக்கென்று உயிருள்ள தேவாங்கைப் பிடித்து வருவது மட்டும் ஒருபோதும் கூடாது. அது சட்டம் பாதுகாக்கும் விலங்கு.

பணம் விரயமாவது உடுப்பில்தான். தேவாங்கின் ஒல்லி உருவம் பஞ்சு அடைத்தால் கரடியாகிவிடும். தலையையும் கைகளையும் மட்டும் பெரிதாகச் செய்து, உடம்புக்கு ஒட்டிய துணி போடுங்கள். தலை ஈவிஏ போம் என்ற பாரமற்ற பஞ்சுத்தகட்டில், உள்ளே சைக்கிள் ஹெல்மெட் வைத்து, ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்க வேண்டும். கருமணிகளில் கறுப்பு வலை வைத்தால் அதன் வழியாகவே பார்க்கலாம். ஆனால் கால் தெரியாது. மலையகக் கம்பஸ் என்றால் படிக்கட்டு இல்லாமலா? பக்கத்தில் கைபிடிக்க ஓர் ஆள் கட்டாயம். பாதத்தை நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் சப்பாத்தின் மேலேயே கட்டுங்கள். கண்டியிலும் பதுளையிலும் வெயில் நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருதரம் தலையைக் கழற்ற வேண்டும்.

நுவரெலியாவில் எதிரி வெயில் அல்ல, ஈரம். நீள உரோமத் துணி பனியிலேயே ஊறி, நாட்கணக்கில் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். குட்டை மயிர் பிளீஸ் எடுங்கள். உள் துணியைக் கழற்றித் தோய்க்கும்படி வெல்குரோ வைத்துத் தையுங்கள். கைகளில் இரண்டு சோடி வேண்டும். ஒவ்வொரு தடவையும் தலையைக் கவிழ்க்காமல் வாய் மேலாக வைத்து, மின்விசிறிக்கு முன்னால் இரவு முழுக்க விடுங்கள். அடுப்படியில் காயவைத்தால் போம் சுருங்கி, கண் இரண்டும் இரண்டு பக்கம் பார்க்கத் தொடங்கும்.