பட்டறை நோட்டு

நவம்பர் 6, 2025, வியாழன்

தங்கையைக் கூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் போனேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவளிடம் ஒரே பாட்டுதான். "விவாகரத்து வேணும்னு வழக்குப் போட்டவன்கிட்டயே போய்க் காசு கேட்பியா? அவன் காசு நமக்கு எதுக்கு, விட்டுத் தள்ளு."

கோரிமேடு வந்ததும்தான் வாயைத் திறந்தாள். "எனக்கும் பையனுக்கும் எத்தனை வருஷம் சோறு போடுவேண்ணா? அண்ணியைக் கேட்டுட்டுத்தான் பேசறியா?"

அதற்கப்புறம் டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோர்ட்டில் வாய்தா மட்டும்தான் கிடைத்தது.

நவம்பர் 8, சனி

வக்கீலம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இந்து திருமணச் சட்டம், 1955. வழக்கு நடக்கும்போது கேட்பது இடைக்கால ஜீவனாம்சம், 24-வது பிரிவு. தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ கேட்பது நிரந்தர ஜீவனாம்சம், 25-வது பிரிவு. விவாகரத்தாகித் தாலி போனால் பாத்தியதையும் போச்சு என்று நினைத்திருந்தேன். 25-வது பிரிவே தாலி போன பிறகுக்காகத்தானாம். அவள் மறுமணம் செய்துகொண்டால் அதை ரத்து செய்யச் சொல்லி அவன் மனு போடலாம்.

இது போக இன்னொரு வழியும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144. விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் அதன்படி மனைவிதான், எந்த மதமானாலும்.

"அப்ப மாப்பிள்ளையும் இவகிட்ட ஜீவனாம்சம் கேக்கலாமா மேடம்?" என்றேன், கேலியாக.

"தாராளமா. 24, 25 ரெண்டும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பொது. இவங்க சம்பாதிச்சு, அவருக்கு வழியில்லைன்னா கேக்கலாம்."

டீக்கடையில் சொல்கிறார்களே, சம்பளத்தில் கால் பங்கு என்று, அதையும் கேட்டேன். 2017-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் அது நியாயமான அளவு என்றதாம். எல்லோருக்கும் அதே கணக்கு என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சிவதாபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். ஒரே தடவையாக 3 லட்சம். இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனு போட வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசை வந்துவிட்டது. காபிப் பழம் பறிக்கும் காலம், ஒரு நாள் லீவு கேட்டாலே எஸ்டேட்டில் முகம் மாறுகிறது.

தங்கை டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "பையனுக்கு 8 வயசுங்க மாமா. 18 ஆக 10 வருஷம். 3 லட்சத்தை வகுத்தா மாசம் 2,500 வருதுங்க."

யாரும் இரண்டாவது டீ குடிக்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. மாப்பிள்ளையின் பத்திரம் இன்று கைக்கு வந்தது. மாத வருமானம் 9,000. கொலுசுப் பட்டறை அவன் அம்மா பெயரிலாம், இவன் அங்கே வெறும் கூலியாளாம். எனக்குக் கை நடுங்கியது. தங்கை சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியிலிருந்து ஏழு நீள நோட்டுகளை எடுத்து வைத்தாள். செவ்வாய்பேட்டையிலிருந்து வந்த வெள்ளி இத்தனை கிலோ, கொலுசாகத் திரும்பிப் போனது இத்தனை, சேதாரம், கைக்கு வந்த கூலி. தேதிவாரியாக 9 வருஷம், எல்லாம் அவள் கையெழுத்து.

"கணக்கு மட்டும் இல்லண்ணா. சமையல் முடிஞ்சதும் உக்காந்தா ராத்திரி வரைக்கும் கொலுசுல சலங்கையை நெருப்புல பத்தவச்சு ஒட்டினதும் நான்தான்."

"உனக்கு என்ன கூலி?"

"வீட்டு ஆளுக்கு எவன் கூலி குடுப்பான்?"

பழம் பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி எழுதுவதுதான் என் வேலை. ஒரு கிலோ குறைந்தால் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சீரோடு இவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். விரல்களில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தும் இருக்கிறேன். அடுப்பில் சுட்டிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

நோட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு, அசலைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா.

ஜனவரி 22, வியாழன்

இடைக்கால உத்தரவு வந்தது. தங்கைக்கும் பையனுக்கும் சேர்த்து மாதம் 12,000, மனு போட்ட நாளிலிருந்து. தையலில் 4,000 வருவதை அவள் மறைக்காமல் எழுதியிருந்தாள். சொந்தக் காலில் நிற்கிறவருக்கு எதற்கு என்று அதையே பிடித்துக்கொண்டார் எதிர்த்தரப்பு வக்கீல். எடுபடவில்லை. விவாகரத்து வழக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் இவளுக்கு ஜன்னல் சீட்டு. நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் பணம் வந்தது, 9,000. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். பாக்கியை வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம், ரசீதெல்லாம் சேர்த்து வையுங்கள் என்றார்.

அதற்குள் தங்கை கடையில் புது நீள நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தாள். முதல் பக்கத்தில் தேதி. வரவு 9,000. பாக்கி 3,000.