விடியவிடியக் கூத்து பார்த்து எழுதுவது எப்படி

கூத்து விமர்சனம் என்று வருவதில் பாதி, நள்ளிரவிலேயே கிளம்பிப் போனவர்கள் எழுதியது. நாலு வரி படித்தால் தெரிந்துவிடும். அரிதாரத்தைப் பற்றி ஒரு பத்தி, அழிந்துவரும் கலை என்று ஒரு பெருமூச்சு, கூடவே நாலு புகைப்படம். பின்பாட்டு எப்படி இருந்தது, எந்த வேஷம் விடியும்வரை தாக்குப்பிடித்தது என்பதற்கெல்லாம் இடமிருக்காது. இடைவேளையோடு எழுந்துபோய் ஒரு சினிமாவுக்கு விமர்சனம் எழுதினால் சும்மா விடுவோமா?

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாதான் இதற்குச் சரியான இடம். விழா நோட்டீஸில் தினமும் இரண்டு நிகழ்ச்சி இருக்கும்: மதியம் வில்லிபுத்தூரார் பாடிய மகாபாரதமான வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், இரவு கூத்து. மதியப் பிரசங்கத்துக்கும் போய்விடுங்கள். கதை காதில் விழுந்திருந்தால் இரவில் ஆட்டத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் யார் யாருக்கு மாமன் என்று பக்கத்தில் இருப்பவரை நச்சரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரவு 10 மணி என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் களரி, அதாவது ஆடுகளம், கட்டும் நேரம். மிருதங்கம், ஆர்மோனியம், சின்ன நாயனமான முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து முதலில் வாசிப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள், அன்றைய சுருதி அங்கேதான் தெரியும். சுருதியையும் கட்டைக் கணக்கில் சொல்வார்கள், தோளிலும் தலையிலும் கட்டும் மரஅணிக்கும் கட்டை என்றே பெயர். எழுதும்போது எந்தக் கட்டை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நேர் எதிரே உட்காருவதைவிடச் சற்றுப் பக்கவாட்டில் உட்காருவது நல்லது. ஆடுபவரின் காலும் பெஞ்சில் இருக்கும் மிருதங்கக்காரரின் கையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

இனி திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, வேஷக்காரர் பின்னாலிருந்தே விருத்தம் பாடுவார். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் தெரியும். ‘துரியோதனன் வந்தான்’ என்று தன்னையே படர்க்கையில் பாடிக்கொள்வார். பெஞ்சில் இருப்பவர்கள் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பெரிய வேஷமானால் இதற்கே அரை மணி நேரம்கூட ஆகலாம். இதை இழுவை என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தாளத்தையும் மூச்சையும் வேஷக்காரர் பதம் பார்த்துக்கொள்வது இந்த நேரத்தில்தான். திரை விலகியதும் கிறிக்கி, அதாவது வேகச் சுழற்சி, சுற்றுவார். அங்கே மூன்றைக் கவனியுங்கள்: சலங்கை நிற்கும் இடமும் மிருதங்கம் தாளத்தை முடிக்கும் தீர்மானமும் ஒன்றாக விழுகின்றனவா, சுற்றி முடித்த கையோடு அடுத்த அடியை மூச்சு வாங்காமல் எடுக்கிறாரா, கை கிரீடத்துக்குப் போகிறதா. கை போனால் கயிறு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழுது ஒப்பனைக் கொட்டகையில், ஆட்டத்தில் இல்லை.

கோமாளியாக வந்து கதையையும் நடத்திச்செல்லும் கட்டியங்காரனை எடைபோடுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிரிப்பு அளவுக்கு மீறி நீள்கிறதென்றால் அடுத்த வேஷம் இன்னும் தயாராகவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அந்த ஓட்டையை அவர்தான் அடைத்துக்கொண்டிருப்பார். ஊர்ச் சங்கதியைக் கதைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மறுபடி கதைக்குத் திரும்புகிறாரா என்று பாருங்கள். திரும்பத் தெரியாதவர் வெறும் ஜோக் சொல்கிறவர்.

இன்றைக்குக் கூத்தை அதிகம் கெடுப்பது மைக். ஒரே ஒரு மைக்கை நடுவில் நட்டுவிட்டால் நாலு பேரும் அதைச் சுற்றியே நிற்கிறார்கள், களரி முழுக்கப் பரவ வேண்டிய ஆட்டம் ஒரு சதுர அடிக்குள் முடங்கிவிடுகிறது. நடுநடுவே அன்பளிப்பு அறிவிப்பு வேறு. இதையும் விமர்சனத்தில் எழுத வேண்டும், ஆனால் ஆடுபவர் தலையில் கட்டக் கூடாது.

சடங்கு எது, நாடகம் எது என்பதில் அவசரப்படாதீர்கள். சூதாட்டக் கதையான ‘பகடை துகில்’ கூத்தில் துகில் உரியும் கட்டத்தில் திரௌபதிக்குக் கற்பூரம் காட்டுவார்கள், கூட்டம் கைகூப்பும். அதைத் தடங்கல் என்று எழுதினால் எதைப் பார்த்தீர்கள் என்றே கேட்பார்கள். கர்ணன் சாவைச் சொல்லும் ‘கர்ண மோட்சம்’ கூத்தைக் கோயிலில் மட்டுமல்ல, சாவு வீட்டுக் காரியத்திலும் ஆடுவார்கள். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம் அங்கே வேறு கனத்தில் விழும். ஆகவே எங்கே பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தெருக்கூத்தா, கட்டைக்கூத்தா என்ற பெயர்ச் சண்டை பழையது. காஞ்சிபுரத்தில் 1990-இல் கலைஞர்கள் தொடங்கிய சங்கம் கட்டைக்கூத்து என்றே சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை ஊர்க் கூத்துக்காரர்களுக்கு அது தெருக்கூத்து. நீங்கள் பார்த்த ஜமா, அதாவது கூத்துக் குழு, எப்படிச் சொல்கிறதோ அப்படியே போடுங்கள்.

அதிகாலை 2 மணிக்கு மேல் கூட்டம் பாதியாகிவிடும், பிள்ளைகள் பாயிலேயே உருண்டு கிடப்பார்கள். பெரிய வேஷங்களின் தர்க்கமும் சண்டையும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஒரு போர்வையும் தண்ணீரும் எடுத்துப்போங்கள், ஃபிளாஷ் வேண்டாம். குறிப்பில் நேரத்தையும் வேஷத்தையும் மட்டும் எழுதினால் போதும், மற்றது நினைவில் நிற்கும்.

மங்களம் பாடி முடித்ததும் வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். நோட்டீஸில் ஜமா பெயர்தான் இருக்கும், ஆடியவர் பெயர் இருக்காது. சில ஜமாக்களில் முன்னிரவுத் துரியோதனன் வேறு, பின்னிரவுத் துரியோதனன் வேறு. அரிதாரத்துக்குள் ஆள் மாறியது பார்ப்பவருக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெய் தடவி வேஷம் கலைக்கும்போது ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் ஒரு தேதியில் தொடங்கி மறுதேதியில் முடிந்திருக்கும், இரண்டையும் போடுங்கள்.