மருமகள் என்றால் மதாம்மா: ஜூன் மாத நாட்குறிப்பு

2 ஜூன் 2024, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து மீன்கறியும் சோறும் தின்றாயிற்று, மழை விடவில்லை, அதனால் சித்தி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிவியில் ‘மதராசபட்டினம்’. எத்தனை தடவை போட்டாலும் சித்திக்கு அது புதுப்படம். கவர்னர் மகள் எமி ஜாக்சன், சலவைக்காரப் பையன் ஆர்யா, 2010-ல் மார்த்தாண்டத்தில் நாங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்த்த படம். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நிற்கும் வெள்ளைக்கார அதிகாரி வரும்போதெல்லாம் சித்தி, “நாசமாப் போவான், ரெண்டு பிள்ளைகளும் ஆசப்பட்டா இவனுக்கென்ன கேடு” என்று டிவியைப் பார்த்துத் திட்டினாள். கடைசியில் கிழவியான எமி அவனைத் தேடி வந்து, அவன் செத்துப்போன சேதி தெரியும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து தங்கச்சியின் வீடியோ கால் வந்தது. சித்தி மகள், அங்கே நர்ஸ், போய் நாலு வருஷம் ஆகிறது. “அம்மா, ஒருத்தர கல்யாணம் கட்டலாம்னு இருக்கேன். கூட வேல பாக்குறவரு. கானா நாட்டுக்காரரு.” சித்தி முதலில் கானா என்பது ஜெர்மனியில் ஒரு ஊர் என்று நினைத்துவிட்டாள். பைபிளில் வரும் கானா ஊர் கல்யாணம்தான் அவளுக்குத் தெரிந்த கானா. ஆப்பிரிக்கா என்று விளங்கியதும் ஒரே கேள்வி: “கருப்பனாட்டி?” அப்புறம், “அந்த சிங்கம் படத்துல கஞ்சா கடத்துவானே, அவன மாதிரியா?”

அந்த வில்லனாக நடித்த டேனி சப்பானி லண்டனில் பிறந்தவர், அப்பா அம்மா கானாக்காரர்கள், நாடகமேடையில் பேர்பெற்ற நடிகர். நம் ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் ‘சிங்கம் 2’-ல் சூர்யாவிடம் அடிவாங்கிய ஆள், அவ்வளவுதான். சித்தியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கருப்பு ஆப்பிரிக்கரைத் தமிழ்ப்படம் அவளுக்கு வேறெப்படியும் காட்டியதில்லை.

ஒன்றை எழுதாமல் விட்டால் இது நாட்குறிப்பாக இருக்காது. தங்கச்சி என்னிடம் மே மாதமே சொல்லிவிட்டாள். அன்று நான் சொன்ன முதல் வார்த்தை, “போட்டோ அனுப்பு.” போட்டோ எதற்கு என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

4 ஜூன், செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. கடையில் ஒரு ஜெராக்ஸ்கூட ஓடவில்லை, எல்லாரும் டிவி முன்னால். சித்தி ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சித்தப்பா போன் பண்ணினார். சாப்பிட்டிருக்கிறாள், அவருக்குத் தெரியாமல். நான் பார்த்தேன்.

8 ஜூன், சனி

இன்றைக்குப் பெரிய மாமா வந்து சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். சாரம்: குடும்ப மானம், நாளைக்கு பிறக்கிற பிள்ளைகளின் முடி (ஆமாம், முடி), கருங்கல் சந்தையில் எப்படித் தலைகாட்டுவது.

இதே மாமாவின் மகன் 2019-ல் போலந்துப் பெண்ணைக் கட்டினான், எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளைக்காரி என்றால் மதாம்மா. ஊரில் ரிசப்ஷன் வைத்தபோது பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரைக்கும் பிளக்ஸ். அந்தப் பெண் பட்டுச்சேலையும் பிச்சிப்பூவுமாக மேடையில் நின்று “வணக்கம்” என்று சொன்னதற்கு விசில் பறந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து பல்லில்லாத கிழவிகள் வரை வரிசையில் நின்று போட்டோ எடுத்தார்கள். “மதாம்மா நம்ம கைய புடிச்சு பேசினாளாக்கும்” என்று சித்தி ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை பார்க்கிறார், என்ன படித்தாள், எந்தச் சபை, ஒன்றையும் யாரும் விசாரிக்கவில்லை. வெள்ளை என்பதே எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்தது. பிள்ளைகளின் முடியைப் பற்றி மாமாவுக்கு அன்று ஒரு கவலையும் கிடையாது.

படத்திலும் இப்படித்தானே. நம்ம பையன் வெள்ளைக்காரியைக் காதலித்தால் அது ஏதோ சுதந்திரப் போராட்டத்தின் மிச்சத்தை முடித்துவைத்த மாதிரி. ‘லகான்’ல எலிசபெத் வரிவிலக்குக்காக ஊர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்து, புவனைக் காதலித்து, கடைசிவரை கல்யாணமே பண்ணாமல் லண்டனுக்குப் போகிறாள். அவன் கௌரியைக் கட்டுகிறான். வெள்ளைக்காரி நமக்காக ஏங்க வேண்டும், வீட்டு விளக்கை மட்டும் நம்ம பெண் ஏற்ற வேண்டும். 2022 தீபாவளிக்கு வந்த ‘பிரின்ஸ்’ கொஞ்சம் பரவாயில்லை, சாதி மாறிக் கட்டு என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருக்கும் சத்யராஜ், வருகிறவள் பிரிட்டிஷ்காரி என்றதும் முறுக்கிக்கொள்வார். படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த அப்பாவை எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி நாலு பேர். ஆனால் அங்கேயும் பையன் நம்மவன், பெண்தான் வெளியே. திருப்பிப் போட்டு, தமிழ்ப் பெண்ணும் ஆப்பிரிக்கக் காதலனும் என்று ஒரு தமிழ்ப்படத்தை யோசித்துப் பார்க்கிறேன், கடை அடைக்கும் நேரம் வரை யோசித்தும் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

12 ஜூன், புதன்

மழையால் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடையில் உட்கார்ந்து ஹாலிவுட்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். இல்லை. 1930-ல் அவர்கள் எழுதிவைத்த தணிக்கை விதியில் வெள்ளையரும் கருப்பரும் காதலிப்பதைக் காட்டவே கூடாது என்று தனி வரி இருந்திருக்கிறது, 1934-லிருந்து அதைக் கறாராக அமல்படுத்தியிருக்கிறார்கள். இதில் அன்னா மே வோங் கதைதான் வயிற்றெரிச்சல். சீன வம்சாவளி அமெரிக்க நடிகை. சீனக் குடியானவர் குடும்பத்தைப் பற்றி ‘தி குட் எர்த்’ என்று ஒரு படம், 1937. கதாநாயகனாக முகத்துக்கு மேக்கப் போட்ட வெள்ளைக்காரர் பால் முனி. அவருக்கு மனைவியாக நிஜச் சீனப் பெண் வந்தால் நிறம் கலந்துவிடுமாம், ஆகவே அதற்கும் மேக்கப் போட்ட வெள்ளைக்காரி லூயிஸ் ரெய்னர். அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வோங்குக்குக் குடும்பத்தைக் கெடுக்கிற சின்னவீட்டு வேஷத்தைத் தரலாம் என்றார்களாம், போய்யா என்று விட்டுவிட்டார்.

இன்னொன்று, தற்செயலாகக் கண்ணில் பட்டது. வெள்ளையரும் மற்ற நிறத்தவரும் கட்டிக்கொள்ளக் கூடாது என்ற சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல் இதே ஜூன் 12-ம் தேதி. அதுவரை 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. அந்த வருஷம் டிசம்பரில்தான் கருப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்ட அவள் வீட்டுக்கு விருந்துக்கு வரும் படமும் வந்தது. அதில் அவர் சும்மா மாப்பிள்ளை இல்லை, உலகப் புகழ்பெற்ற டாக்டர், பெண்ணைப் பெற்றவர்கள் சம்மதிக்காவிட்டால் கட்டமாட்டேன் என்கிற அளவுக்கு நல்லவர். இருவரும் முத்தமிடுவதையே டாக்சி கண்ணாடியில் தெரிகிற பிம்பமாக ஒரு நொடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது சித்தி போன். “எம்மா, அவன் நர்சுதானா? டாக்டர் இல்லியா? டாக்டருன்னா நாலு பேருட்ட சொல்லவாவது செய்யலாம்.”

போலந்து மதாம்மா ஹோட்டலில் வேலை பார்த்தவள்.

15 ஜூன், சனி

மழை கொஞ்சம் விட்டது. இவருக்கு லீவு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். டி லனாய் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தோம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777-ல் இங்கேயே செத்து, மனைவி மகனோடு இங்கேயே கிடக்கிறார். கல்லில் லத்தீனும் தமிழும். வெளியாள் நம்மாள் ஆவதில் எங்கள் குமரி ஜில்லாவுக்கு ஆட்சேபம் இருந்ததே இல்லை என்று சின்ன வயதில் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் இவரிடம் மீட் ஐயர் கதையைச் சொன்னேன். சார்ல்ஸ் மீட், வெள்ளைக்காரப் பாதிரியார், நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் லண்டன் மிஷனுக்காக முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர், பள்ளிக்கூடம், அச்சகம் என்று இங்கே எதைத் தொட்டாலும் அவர் பெயர் வரும். 1850-களின் தொடக்கத்தில், மனைவியை இழந்தவர், தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து வந்த உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளுக்கு அது பொறுக்கவில்லை, அவர் மிஷனை விட்டே விலக வேண்டியதாயிற்று. பிறகு திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டது. அதாவது, ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று பிரசங்கம், கட்டிக்கொண்டால் வெளியே போ.

“உங்க மாமாவுக்கு ஒரு மிஷனரி ஆகுற தகுதி இருந்திருக்கு” என்றார் இவர்.

21 ஜூன், வெள்ளி

தங்கச்சியும் நானும் ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து, போனை ஓட விட்டுக்கொண்டே மீரா நாயரின் ‘மிசிசிப்பி மசாலா’ பார்த்தோம். 1991-ல் வந்தது. இடி அமீன் 1972-ல் உகாண்டாவிலிருந்து இந்தியர்களைத் துரத்தியபோது ஓடிய குஜராத்திக் குடும்பம், அமெரிக்காவில் மிசிசிப்பியில் மோட்டலில் வந்து விழுகிறது. மகள் மீனா, கம்பளம் சுத்தம் செய்யும் தொழில் நடத்தும் டென்சல் வாஷிங்டனைக் காதலிக்கிறாள். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்து, ஆப்பிரிக்காவை நினைத்து நினைத்து உருகும் அப்பா, கருப்பன் மருமகன் என்றதும் மாறிவிடுகிறார். உனக்கும் எனக்கும் தோலில் ஒன்றிரண்டு நிறம்தானே வித்தியாசம் என்று அவன் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி அவரிடம் கேட்கும் இடத்தில் தங்கச்சி மறுமுனையில் ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “எக்கா, அவரு என்னை விட நிறமாக்கும், கேட்டியா” என்று சிரித்தாள். பிறகு, அவருடைய அம்மாவும் முதலில் ‘இந்தியப் பெண் நமக்குச் சரிப்படுவாளா’ என்று இழுத்தாள் என்றாள். அதை முதல் தடவையாக எனக்குச் சொல்கிறாள்.

சித்திக்கு இந்தப் படம் சரிவராது, மொழி விளங்காது. அவளுக்குப் பிடித்தது ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’. இங்கே எல்லாருக்கும் மலையாளம் புரியும். மலப்புறத்துக்குப் பந்து விளையாட வந்து காலை உடைத்துக்கொண்ட நைஜீரியப் பையனை ரெண்டு உம்மாமார் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளும் படம். “பாவம் பிள்ளை” என்று சித்தி அழுதிருக்கிறாள். அதை ஞாபகப்படுத்தினேன். “அது மகன் மாதிரியில்லா” என்றாள். மகனாக்கலாம், மருமகனாக்க முடியாது. நல்ல படம்தான், எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்த வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணை வைத்திருந்தால் நாம் எல்லாரும் அதே கண்ணீரோடு பார்த்திருப்போமா?

27 ஜூன், வியாழன்

தங்கச்சிக்கு அங்கே கல்யாணம் பதிய, திருமணமாகாதவர் சான்றிதழ் வேண்டும். சித்தப்பா போன வாரம் ஒன்றும் பேசாமல் ரேஷன் கார்டையும் ஆதாரையும் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் சம்மதம் என்றால் அப்படித்தான் இருக்கும். விண்ணப்பத்தை நான்தான் ஏற்றினேன்.

இன்றைக்குக் கிராம அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். நல்லவேளை நானும் சித்தி வீட்டில் இருந்தேன். கட்டன்சாயா, நேந்திரங்காய் சிப்ஸ். மகள் பெயர், வயது, எத்தனை வருஷமாக வெளிநாட்டில், எல்லாம் கேட்டு எழுதினார். பேனாவை மூடிவிட்டு, சும்மா பேச்சுக்கு, “மாப்பிள்ளை எங்க உள்ளது?” என்றார்.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் சிப்ஸ் தட்டைப் பார்த்தேன்.

“ஜெர்மனியாக்கும்” என்றாள் சித்தி.

“ஓ, வெள்ளக்காரனா! கொள்ளாம், கொள்ளாம்” என்று அவர் இன்னொரு சிப்ஸை எடுத்துக்கொண்டார். சித்தி கொஞ்சமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.