சோலை மண்ணும் சிவப்பு ஒளியும்

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுச் சோலைகளை மீட்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருபவர்கள் நாற்றங்காலில் முதலில் கேட்பது, எந்த விதைக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்றுதான்.

வெடிப்பலா, பாலி போன்ற சோலை மரங்களின் விதைகளுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. பருமனான அந்த விதைகள் கட்டுச்சோற்றோடு கிளம்பி வருபவை. ஈரம் கிடைத்தால் இருட்டிலும் முளைக்கும், உலர்ந்தால் செத்துவிடும். பொறுக்கி வந்த கையோடு பாத்தியில் ஊன்றிவிட வேண்டும், அவ்வளவே.

வட்டக்கண்ணி போல, காட்டில் திறந்த இடம் உண்டானதும் முதலில் எழும் முன்னோடி மரங்கள் வேறு வகை. அடர்ந்த சோலைக்குள் இலைச்சருகை ஒதுக்கி, ஒரு கை மண்ணை அள்ளி வந்து தட்டில் பரப்பித் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். அள்ளிய இடத்தில் கண்ணில் படாத செடிகளெல்லாம் முளைத்து வரும். அதே மண்ணை மரத்தடியில் வைத்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். கருப்பு நிழல் வலைக்குக் கீழே வைத்தாலோ முளைக்கிறது! இதை முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

காரணம் ஒளியின் நிறம். இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதையடுத்த தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடுகின்றன. விதையிலுள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி, 660 நானோமீட்டர் சிவப்பில் விழிக்கிறது. 730 நானோமீட்டர் தொலைசிவப்பில் அடங்குகிறது. கருப்பு வலை ஒளியைக் குறைக்குமே தவிர, சிவப்புக்கும் தொலைசிவப்புக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவதில்லை. மெக்சிகோவின் லோஸ் துக்ஸ்லாஸ் மழைக்காட்டில் செக்ரோபியா என்ற முன்னோடி மரத்தின் விதைகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். எல்லா முன்னோடிகளும் இப்படியல்ல. பால்சா மரத்தின் விதை, வெயில் படும் மண்ணின் சூடு ஏறி இறங்குவதைக் கொண்டே மேலே மரநிழல் விலகியிருப்பதை அறிகிறது.

இதனால்தான் சோலைத் துண்டுகளில் களையாகப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடியை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளுவதை நான் எதிர்க்கிறேன். மேலே திறந்துவிட்டால் வட்டக்கண்ணி மட்டுமா எழும்? மண்ணில் காத்திருக்கும் உண்ணிச்செடி விதையும் ஒளி பட்டதும் கிளம்பிவிடும். நட்ட கன்றுகளைச் சுற்றிப் பிறகு மாதக்கணக்கில் களையெடுக்க வேண்டியதுதான். கன்று நடும் இடத்தைச் சுற்றி மட்டும் வெட்டுங்கள். தானாக முளைத்த மரக்கன்று எதுவானாலும் விட்டுவையுங்கள். அது தலைக்குமேல் வளர்ந்து இலை விரித்த பிறகு அடுத்த பகுதிக்குப் போகலாம்.