அரிசோனாவில் குட்டையோரம் மான் வேட்டை: உட்காரும் முன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தண்ணீர் அருகே காத்திருந்து மான் அடிக்கத் தடை இல்லை. தடை, அங்கே கூடாரம் போட்டுத் தங்குவதற்குத்தான். சுற்றுவட்டாரத்தில் காட்டு விலங்குகளுக்கோ மாடுகளுக்கோ அந்த ஒரு குட்டைதான் கதி என்றால், கால் மைலுக்குள் (சுமார் 400 மீட்டர்) முகாமிட்டு வழியடைப்பது குற்றம். ஆகஸ்ட் வெயிலில் தாகத்தோடு வரும் உயிர் மனித வாடைக்குப் பயந்து திரும்பக் கூடாது. வண்டியையும் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடும் முன்பே வேட்டை உரிமம் வாங்கிவிட வேண்டும். இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு தருகிறது.

தீனி வைத்து மானை இழுக்கக் கூடாது. வேட்டைக்கு உதவும் டிரெயில் கேமராவும் (காட்டில் பொருத்திவிட்டால் விலங்கு வரும்போது தானே படம் பிடிப்பது) 2022 ஜனவரி 1 முதல் கூடாது. ஆகவே கரைச் சேற்றைத்தான் படிக்க வேண்டும். மாட்டின் தடம் அகன்று உருண்டிருக்கும். மானின் தடம் முனை கூர்ந்து சிறிதாக இருக்கும். விளிம்பு கூராக நின்று, உள்ளே நீர் கசிந்திருந்தால் புதுத் தடம். விளிம்பு உதிர்ந்திருந்தால் பழசு. முந்தின இரவு நல்ல மழை என்றால் அன்று போகவே வேண்டாம். பாறைக்குழியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது மான் ஏன் குட்டைக்கு வரும்?

பலரும் கோட்டைவிடுவது காற்றில். குட்டை பெரும்பாலும் ஓடையை மறித்துக் கட்டியது. அந்தியில் குளிர்ந்த காற்று ஓடை வழியே கீழே இறங்கும். மேட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாடை நேராகத் தண்ணீருக்குப் போய்விடும். மாலையில் கரைக்குக் கீழ்ப்புறம், வெயில் ஏறிய காலையில் மேல்புறம் என்று இடம் மாறுங்கள்.

வில் என்றால் 20 முதல் 25 மீட்டர் போதும். மான் வந்ததும் நாணை இழுக்காதீர்கள். முதலில் வாய் வைத்துவிட்டுச் சட்டென்று தலை தூக்கிப் பார்க்கும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்த பிறகுதான் நிதானமாகக் குடிக்கும். துப்பாக்கி என்றால், தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும் தோட்டா தெறித்துப் போகும். மானுக்குப் பின்னால் மண்கரை இல்லையா, சுடாதீர்கள்.

நுரையீரலில் அம்பு பட்டிருந்தால் அரைமணி நேரம் பொறுத்துத் தடம் பிடியுங்கள். விழுந்த மானுக்கு உடனே டேக் (அந்த மானுக்கான அனுமதி அட்டை) கட்ட வேண்டும். வில் வேட்டை என்றால் 48 மணி நேரத்துக்குள் மாநில வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குடலை நீர்க்கரையில் எடுக்காமல் தள்ளி இழுத்துப் போய் எடுங்கள். அந்தச் சூட்டில் தோலை உரிக்கத் தாமதித்தால் தொடை எலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். பனிக்கட்டி நிரப்பிய பெட்டியை வண்டியில் தயாராக வைத்திருங்கள். உருகும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள், கறி அதில் ஊறக் கூடாது.